மூத்தவளுக்கு உறுதி, இளையவளுக்கு வாய்ச்சொல்

கிண்ணியாவாகட்டும், மூதூராகட்டும், திருகோணமலை நகரின் ஜமாலியாவாகட்டும், சொத்துத் தகராறு என்று ஆலிம்களிடம் வருகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வாப்பா நல்லவர். பிள்ளைகளும் கெட்டவர்கள் அல்லர். இருந்தும் வாப்பா வபாத்தாகி நாற்பது நாள் கழியுமுன்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பள்ளிவாசலில் வெவ்வேறு ஸப்பில் நிற்கிறார்கள்.

நமது கிழக்கின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே பெண்பிள்ளை வீட்டோடு இருப்பவள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசும்போதே வீடும் வளவும் உறுதியாக எழுதப்பட்டுவிடும். இரண்டாவது மகளுக்கும் அப்படியே. கடைக்குட்டிக்கு மட்டும், "நாங்கள் இருக்கிற இந்த வீடு உனக்குத்தானே மகள்" என்று வாப்பா வாயால் சொல்லியிருப்பார். ஊர் முழுவதற்கும் அது தெரியும். ஆனால் நொத்தாரிசுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வபாத்தாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெற்றோர் முன்பே வபாத்தாகிவிட்டார்கள். மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள். மூத்த பெண்கள் இருவருக்கும் உறுதியோடு வீடு கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பது கடைசி மகள் குடியிருக்கும் 40 பேர்ச் வளவும் வீடும்தான். ஸூரத்துன் நிஸாவின் 11, 12 ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அதாவது உம்மாவுக்கு 5 பேர்ச், ஆண்மக்களுக்குத் தலா 10 பேர்ச், பெண்மக்களுக்குத் தலா 5 பேர்ச். வீடு முழுவதும் தனக்கென்று நம்பியிருந்த இளையவளுக்கு எட்டில் ஒரு பங்கு!

"மூத்த ராத்தாமார் இருவரும் வீடு வாங்கிவிட்டார்களே, அவர்களுக்கு இதிலுமா பங்கு?" என்று கேட்பீர்கள். ஆம், பங்கு உண்டு. வாப்பா உயிரோடு இருக்கும்போது முறையாகக் கொடுத்து ஒப்படைத்தது அன்பளிப்பு, அதாவது ஹிபா. அது கொடுத்தவுடன் அவர் சொத்திலிருந்து போய்விட்டது. அதைக் காட்டி எவருடைய வாரிசுப் பங்கையும் கழிக்க பராயிழ் கலையில் இடமில்லை.

இளையவளுக்குச் சொன்ன வாய்ச்சொல் ஹிபா ஆகாதா? நமது ஷாபிஈ மத்ஹபில் கொடுக்கிறேன் என்ற சொல்லும், ஏற்றுக்கொண்டேன் என்ற சொல்லும் இருந்தால் மட்டும் போதாது. பொருள் கைமாற வேண்டும். வாப்பா கடைசிவரை அந்த வீட்டின் சொந்தக்காரராகவே வாழ்ந்தார் என்றால் கைமாறியது எங்கே? நாட்டுச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உரிமை கைமாறுவதற்கு நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் எழுதிய உறுதி வேண்டும். ஊரே சாட்சி சொன்னாலும் வாய்ச்சொல் உறுதியாகாது.

இங்கே சிலர் குறுக்கு வழி சொல்லிக்கொடுக்கிறார்கள்: "மரண சாசனம் எழுதிவிடுங்கள், நீதிமன்றத்தில் செல்லும்." செல்லும்தான். 1806 இல் ஆளுநர் மெயிட்லண்ட் காலத்தில் முஸ்லிம்களின் வாரிசு வழக்கங்கள் சட்டத் தொகுப்பாயின. பின்னர் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரண சாசனம் இல்லாமல் வபாத்தாகும் முஸ்லிமின் சொத்துக்கு அவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே உரியது என்று வைத்தது. ஆனால் மரண சாசனம் எழுதியவருக்கு அது பொருந்தாது. அவருக்கு 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஒருவர் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம். பெற்ற பிள்ளையை ஒன்றுமில்லாமல் விடவும் செய்யலாம்.

ஷரீஅத்தில் அப்படியில்லை. வஸிய்யத் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. நோயுற்றிருந்த ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்கள் கூடுதலாகக் கொடுக்க அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றும் வாரிசுக்கு எழுதப்பட்டால், மற்ற வாரிசுகள் வபாத்துக்குப் பின் சம்மதிக்காமல் நிறைவேறாது. மகள் வாரிசு. ஆக, நீதிபதி ஏற்கும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் அல்லாஹ்வின் முன்னால் பிறர் பங்கை எடுத்தவராக நிற்க நேரிடும். அந்த நிலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதா வாப்பாவின் பாசம்?

வழி இல்லாமல் இல்லை. உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே இளையவளுக்கும் நன்கொடை உறுதி முடித்துவிட வேண்டும். 1931 ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஒரு வசதி செய்திருக்கிறது: உறுதியை மகளின் கையில் கொடுத்தாலே சொத்தை ஒப்படைத்ததற்கு அது சான்றாகும். ஆனால் மீளப்பெற முடியாத நன்கொடை என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அது மீளப்பெறத்தக்கதாகவே கருதப்படும். கையெழுத்து வைக்குமுன் அந்தச் சொல் இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாய் தகப்பன் இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்து எழுதினால், அந்த உறுதிக்கு முஸ்லிம் சட்டமல்ல, நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும் என்பதையும் நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதிலும் ஒரு நீதி இருக்கிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அவருடைய தகப்பனார் சாட்சி சொல்ல வருமாறு கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்தார்கள். பெண்களுக்கெல்லாம் வீடு எழுதிவிட்டு ஆண்மக்களுக்கு ஒன்றும் வைக்காதவர்கள் இதை யோசிக்க வேண்டும். றியாத்திலும் தோஹாவிலும் வெயிலில் உழைத்து அனுப்பிய காக்காவின் பணத்தில்தான் தங்கையின் வீட்டுக்குக் கூரை விழுந்தது. அந்தப் பணம் கடனா, அன்பளிப்பா? அன்றைக்கே ஒரு தாளில் எழுதியிருந்தால் இருபது வருடம் கழித்துச் சண்டை ஏது? கடன் என்றால் பங்கு பிரிக்குமுன் அதைக் கொடுத்தாக வேண்டும். உம்மாவுக்குக் கொடுபடாத மஹரும் அப்படித்தான்; அதுவும் மையித்தின் மேல் உள்ள கடன்.

வாப்பா வபாத்தாகிவிட்டார், இனி உறுதிக்கு வழியில்லை என்றால்? முதலில் பங்கைக் கணக்கிட்டு ஒவ்வொருவருக்கும் இன்னது உரியது என்று சொல்லிவிட வேண்டும். அதன்பின் மனம் உவந்து இளையவளுக்கு விட்டுக்கொடுப்பவர்கள் விட்டுக்கொடுக்கலாம். அதையும் நொத்தாரிசிடம் எழுத வேண்டும். கணக்கே சொல்லாமல், "ராத்தா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டுவது விட்டுக்கொடுக்கச் செய்வதல்ல, பறிப்பது. வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் அதன் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

"பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு வயல்" என்று சொல்லிச் சகோதரிகளை வயலிலிருந்து ஒதுக்குவதும் நம்மிடம் இருக்கிறது. உஹதில் ஷஹீதான ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களின் சொத்தை அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டபோது, அவருடைய மனைவி இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதியே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. பத்து வருடம் நானே விதைத்து அறுத்தேன், ஆகவே வயல் எனக்கே என்று வாதிடும் சகோதரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும். கொரயா எதிர் அப்புஹாமி என்ற இலங்கை வழக்கில் 1911 இல் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பின்படி, பங்காளி ஒருவரின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே. மனதுக்குள் நினைத்துக்கொண்டதால் மட்டும் அது அவருக்குத் தனியுரிமை ஆகாது.

கந்தளாயிலும் அல்லைத் திட்டத்திலும் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த வயல் வேறு வகை. அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. மரண சாசனத்தாலும் போகாது, பராயிழாலும் போகாது. பிரதேச செயலகத்தில் பதிந்த பின்னுரித்தாளிக்கே போகும். பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அதில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. காணி ஒருவர் பெயருக்குப் போனாலும் வாப்பா வைத்த தென்னைக்கும் கட்டிய கட்டடத்துக்கும் மற்றவர்களுக்கு ஈடு கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. வேறு கருத்துள்ள ஆலிம்களும் இருப்பர்.

கடைசியாக, உறுதி தொலைந்தவர்களுக்கு. 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனதும், 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டு உடுத்த உடையோடு ஓடியபோது விட்டுவந்ததும் வீட்டுப் பிரதி மட்டுமே. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு காணி உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டியது. அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது எளிது. இவற்றை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் வாப்பாதான். அவர் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.