காலநிலையும் கரையும் – 8: யார் தரும் சம்மதம்?

மன்னார்த் தீவுக்குள் வாகனம் போக ஒரே வழிதான்: பெருநிலத்திலிருந்து கடலைக் கடந்து வரும் தாம்போதி. காற்றாலையின் இறகை ஏற்றி வரும் நீண்ட லொறி எந்தச் சாமத்தில் புறப்பட்டாலும் அந்த வழியால்தான் வந்தாக வேண்டும். வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் அப்படித்தான் தெரிந்தது. மக்கள் வீதியில் இறங்கினார்கள். பங்குத்தந்தையர், கடற்றொழிலாளர், பெண்கள், இளைஞர் என்று மன்னார் நகரில் கூடிய கூட்டம் அன்றோடு கலைந்துவிடவில்லை. மன்னார் பிரஜைகள் குழு முன்னின்ற அந்தப் போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது.

வந்திறங்கவிருந்தவை 14 காற்றாலைகளுக்கான பாகங்கள். இரண்டு தனியார் திட்டங்கள். ஒன்று 50 மெகாவோட், மற்றது 20 மெகாவோட். ஆகஸ்ட் 13 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மன்னார்ப் பிரதிநிதிகளைச் சந்தித்து, வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். மாதம் கழிந்தது. செப்டெம்பர் பிற்பகுதியில், திட்டங்களைத் தொடரும்படி பணிப்பு வந்தது. செப்டெம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது மோதல் மூண்டு பலர் காயமடைந்தார்கள். 29ஆம் திகதி மாவட்டம் முழுவதும் ஹர்த்தால். கடைகள் பூட்டிக் கிடந்தன.

அதன்பிறகு அரசு தரப்பிலிருந்து ஓர் உறுதி வந்தது: தொடங்கிய இரண்டும் நடக்கும்; இனிமேல் மன்னார் மக்களின் சம்மதம் இல்லாமல் புதிய காற்றாலைத் திட்டம் வராது.

கேட்க நல்ல வார்த்தை. அந்தச் சம்மதத்தை எந்த மேசையில் வைத்து, எந்தத் தாளில், யார் யாரிடம் வாங்குவது? இந்த வாரக் கேள்வி அதுதான்.

சோளகம் கொண்டுவந்த விருந்தாளி

மன்னாரின் காற்றுக்குப் பஞ்சமில்லை. மே பிறந்ததும் சோளகம் எழும். செப்டெம்பர் வரை ஓயாது. தென்கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் தொழிலுக்குப் போகிறவர்கள் வடகடல் பக்கம் திரும்புவார்கள். வள்ளங்களைக் கரையேற்றும் அதே காற்றுதான் மின்பொறியாளர்களைத் தீவுக்கு அழைத்து வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் ஒப்புதல் அளித்த 200 மில்லியன் டொலர் கடனில், இலங்கை மின்சார சபை தென்கரை நெடுகிலும் 30 காற்றாலைகளை நட்டது. ‘தம்பபவனி’ என்று பெயர், கொள்ளளவு 103.5 மெகாவோட், 2020 டிசெம்பரில் திறப்பு விழா. அங்கே பிறக்கும் மின்சாரம் நடுக்குடா உபமின் நிலையத்தில் சேர்ந்து, 220 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி, மன்னாரைக் கடந்து அநுராதபுரம் போகிறது. காற்றாலைக்கு அடியில் இருக்கும் வீட்டுக்கும் கொழும்பு வீட்டுக்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான்.

நாட்டுக்கு அந்த மின்சாரம் தேவை. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் கிடந்த நாடு இது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. மன்னார் மறியலில் நின்றவர்களும் இந்தக் கணக்கை மறுக்கவில்லை. காற்றாலை நாட்டுக்கு வேண்டும், இந்தச் சின்னத் தீவுக்குள் இதற்குமேல் வேண்டாம் என்பதே அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

தண்ணீருக்குத் தெரிந்த வழி

தீவு சுமார் 26 கிலோமீற்றர் நீளம். அகலம் 6 முதல் 8 கிலோமீற்றர். பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம்தான். மணல்திட்டு, அதற்குப் பின்னால் பள்ளம், பிறகு இன்னொரு திட்டு, நடுவில் பனங்கூடல். மாரி மழை கொட்டினால் தண்ணீர் பள்ளங்களில் தேங்கி, தாழ்ந்த இடம் தேடி மெல்ல மெல்லக் கடலுக்கு வடியும். எந்தத் தாழ்வு எந்த வளவுக்குப் பின்னால் போகிறது, எந்த மதகு அடைத்தால் எந்த வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு நிற்கும் என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்கு மனப்பாடம்.

காற்றாலை ஒன்றை நிறுத்தப் பாரந்தூக்கி வர வேண்டும். பாரந்தூக்கிக்கு உறுதியான, உயர்த்திப் போட்ட பாதை வேண்டும். அப்படிப் போட்ட பாதைகள் வடிகாலுக்குக் குறுக்கே அணையாகிவிட்டன, முன்பு ஒரு நாளில் வடிந்த வெள்ளம் இப்போது நாட்கணக்கில் நிற்கிறது என்பது தம்பபவனிக்குப் பிந்திய மழைக்காலங்களில் கிராமத்தவர்கள் வைக்கும் முறைப்பாடு. மீன் வரத்து குறைந்தது என்று கரைவலைக்காரர் சொல்கிறார்கள். திட்டக்காரர்கள் இவற்றை அப்படியே ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்க்க, பாதை போடுமுன் எடுத்த நீரோட்ட வரைபடம் ஒன்றை ஊராரும் பொறியாளரும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளம் இங்கே வெறும் வாதப் பொருளும் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியபோது மன்னார் மாவட்டமும் நீரில் மூழ்கியது. 1964 டிசெம்பர்ப் புயலில் அக்கரையில் தனுஷ்கோடி அழிந்ததையும் இக்கரையில் தலைமன்னார் பட்ட பாட்டையும் பழைய ஆட்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள்.

மண்ணுக்குள்ளும் ஒரு பயம் இருக்கிறது. தீவின் மணலில் இல்மனைற் உண்டு. டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற அவுஸ்திரேலியக் கம்பனி அதற்காக நீண்டகாலமாக ஆய்வு நடத்தி வருகிறது. மேலே காற்றுக்கு ஒரு கம்பனி, கீழே மண்ணுக்கு ஒரு கம்பனி என்று ஊரில் பேச்சு எழுந்தால், இரண்டும் வேறு வேறு கோப்புகள் என்று அதிகாரி விளக்குவதால் மட்டும் அது அடங்காது. நிலம் ஒன்றுதானே.

முப்பது நாள்

சட்டத்தில் மக்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் திருத்தங்களும், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். பொதுமக்கள் 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போய் அதைப் புரட்ட வேண்டும். பறவைகளின் விஞ்ஞானப் பெயர்களையும் ஒலியளவு அட்டவணைகளையும் தாண்டி, தன் வளவுக்குப் பின்னால் ஓடும் வடிகாலை வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போய் மீனை விற்று வலையையும் பார்த்து வீடு திரும்புகிறவரால் ஆகிற காரியமா? சிறிய திட்டங்களுக்குப் போதுமெனக் கருதப்படும் ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையில் இந்த 30 நாளும் கிடையாது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

அறிக்கைக்கு வெளியே இன்னொரு ஓட்டை, இதைவிடப் பெரியது. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6 அன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மன்னார் நகரசபையிலும் பிரதேச சபைகளிலும் மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. செயலாளர்களே நிர்வாகம் பார்த்தார்கள். வட மாகாணசபையின் ஆயுள் 2018 ஒக்டோபரோடு சரி. தீவின் அடுத்த கட்டக் காற்றாலைகள் பேசப்பட்டு, விலை குறிக்கப்பட்டு, ஒப்பமிடப்பட்ட காலத்தின் பெரும்பகுதி இதுதான். வட்டார உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று “இது என்ன ஐயா நடக்குது?” என்று கேட்கவும் ஆளில்லாத காலம். வீதி மட்டும் இருந்தது.

நீதிமன்ற வாசலில்

2024 மே மாதம் அமைச்சரவை இன்னொரு பெரிய திட்டத்துக்குத் தலையசைத்தது. அதானி கிறீன் எனர்ஜி நிறுவனத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவோட்; அதில் மன்னாருக்கு 250 மெகாவோட், 52 காற்றாலைகள். அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டுகளுக்கு. மன்னார் ஆயரும் சுற்றாடல் அமைப்புகளும் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் மன்னார் ஒரு முக்கியத் தரிப்பிடம். தாம்போதியின் இரு பக்கமும் விரியும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். கேள்விப் பத்திரம் கோராமல் விலை பேசியதும் வழக்கில் வந்தது. விலையைக் குறைக்கும்படி புதிய அரசு கேட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

போட்டி ஏலத்தில் போன அந்த 50 மெகாவோட் திட்டத்தின் விலை என்ன தெரியுமா? அலகுக்கு 4.65 சதம். மன்னாரில் சிலர் வழக்காடியதால் அபிவிருத்தி தடைப்பட்டது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இலங்கையில் இதற்கு முன்னோடியும் உண்டு. எப்பாவெல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து அந்த ஊர் மக்கள் தொடுத்த வழக்கில், சட்டப்படியான மதிப்பீடு முடியாமல் திட்டம் நகரக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றத்தால் ஒன்றைத் தடுக்கத்தான் முடியும். ஊரோடு உட்கார்ந்து திட்டம் வரைவது அதன் வேலை அல்ல.

வரைபடம் மாறிய இடங்கள்

அந்த வேலை நடந்த இடங்கள் உண்டு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் மிடல்குருண்டன் என்ற காற்றாலை வரிசை 2000இல் இயங்கத் தொடங்கியது. முதலில் கீறிய திட்டத்தில் 27 காற்றாலைகள், மூன்று வரிசை. பொது விசாரணையில் நகரத்தார் எதிர்த்தார்கள். 20 ஆகக் குறைத்து, ஒற்றை வளைவாக மாற்றினார்கள். அதில் பாதி, 8,000க்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் பங்கு வாங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். சன்னலைத் திறந்தால் தெரிகிற காற்றாடியில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறவர் அதன் இரைச்சலைப் பற்றிப் பேசும் தொனியே வேறு.

அது பணக்கார நாடு என்று ஒதுக்கத் தோன்றினால், பாக்கு நீரிணையைத் தாண்டிப் போகலாம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006இல் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவோட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. வந்த பணத்தில் கடன் அடைந்தது. தமிழ் பேசும் ஒரு கிராமசபை தன் பெயரில் காற்றாலை வைத்திருக்க முடிந்தது.

மன்னாருக்கு இவற்றை அப்படியே பெயர்த்து நட முடியாது. தீவு கொள்ளக்கூடிய அளவு என்ற ஒன்று முதலில் இருக்கிறது. அதைத் தாண்டினால் பங்குப் பத்திரம் வெள்ளத்தை வடிக்காது. ஆனாலும், அரசு வாயால் சொன்ன ‘சம்மதம்’ தாளில் ஏற வேண்டுமானால் சில காரியங்கள் செய்தாக வேண்டும். இடம் குறிக்குமுன், கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் கூட்டம். அதுவும் தொழிலுக்குப் போகாத நாளில், தமிழில். வடிகால்களையும் கரைவலைப் பாடுகளையும் ஊராரே குறித்த வரைபடம், பொறியாளரின் வரைபடத்தோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும். நகரசபையும் பிரதேச சபைகளும் தீர்மானம் எடுக்கும் உரிமை எழுத்தில் வேண்டும். வருமானத்தில் ஒரு வீதம் அந்தச் சபைகளின் கணக்குக்கு வர வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஓர் ஊர் சொன்னால் அந்த இடம் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்; நீங்காது என்றால் கேட்பது எதற்கு?

2025 ஜூனில் மன்னாரின் சபைகள் மறுபடி கூடின. உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கூட்ட மண்டபம் இருக்கிறது. அடுத்த காற்றாலைக் கோப்பு கொழும்பிலிருந்து புறப்படும்போது அது முதலில் அந்த மண்டபத்துக்கு வருகிறதா, முன்போல லொறியோடு தாம்போதிக்கு வருகிறதா என்பதைக் கொண்டு அரசின் உறுதியை அளந்துகொள்ளலாம்.

அடுத்த வாரம் தீவை விட்டுப் பெருநிலத்துக்கு: விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கு. 2024 மே மாதம் ஒரு வர்த்தமானி அறிவித்தல், நீரியல் வளர்ப்புக்காக அங்கிருந்து 168 ஹெக்டயரை வெளியே எடுத்தது. கண்டற்காட்டை நம்பித் தொழில் செய்கிறவர்களிடம் அப்போது யாராவது கேட்டார்களா?

(தொடரும்)