மண்ணின் கீழே வழி சொல்லும் படம்

2002ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குவிகிறீக் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளர் கரி வெட்டிக்கொண்டிருந்தனர். அருகே, கைவிடப்பட்ட பழைய சுரங்கமொன்று நீர் நிறைந்து கிடந்தது. அது இன்னும் தொலைவில் உள்ளதென்றே அவர்களிடமிருந்த படம் காட்டியது. ஆனால் அஃது இறுதிப் படமன்று. கடைசியாக வெட்டப்பட்ட பகுதிகள் அதில் இல்லை. இயந்திரம் சுவரைத் துளைத்தது, வெள்ளம் பாய்ந்தது. எச்சரிக்கை பெற்ற ஒன்பது பேர் தப்பினர். ஏனைய ஒன்பது பேர் ஏறத்தாழ 240 அடி ஆழத்தில் அகப்பட்டனர்.

அவர்களைக் காத்ததும் ஒரு படமே. அவர்கள் ஒதுங்கக்கூடிய இடத்தைத் தம் சுரங்கப் படத்திற் கணித்த அளவையாளர், அதற்கு நேர்மேலே பண்ணை நிலத்தில் ஒரு புள்ளியைக் குறித்தனர். அங்கே துளையிட்டுக் காற்றுச் செலுத்தினர். 28ஆம் திகதி ஒன்பது பேரும் உயிருடன் மேலே வந்தனர்.

இத்தகைய படம் எவ்வாறு பிறக்கிறது? மண்ணின் கீழே சூரியனில்லை. செய்மதியின் சைகையும் எட்டாது. ஆகவே வாயிலில் இடமறிந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, அடி அடியாக உள்ளே செல்லவேண்டும். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குள்ள நீளம், திசை, சாய்வு ஆகிய மூன்றையும் அளத்தல் வேண்டும். 60 அடி நீளமான வழி 30 பாகை சாய்ந்து இறங்கினால், நாம் 30 அடி கீழேயும், ஏறத்தாழ 52 அடி முன்னேயும் சென்றிருப்போம். பள்ளியிற் கற்கும் திரிகோண கணிதமே இங்கு விளக்காகிறது!

குகைகளில் நாடா, திசைகாட்டி, சாய்வுமானி ஆகியவை பெரும்பாலும் போதும். சுரங்கத்திலோ இரும்புத் தண்டவாளமும் இயந்திரமும் காந்த ஊசியை மயக்கும்; ஆதலால் தியோடலைற்று வேண்டும். திசையில் 1 பாகை தவறினால், 1,000 அடி செல்வதற்குள் 17 அடிக்கு மேல் விலகிவிடுவோம். எனவே முன்னோக்கி அளந்ததைப் பின்னோக்கியும் அளப்பர். இயன்றால் சுற்றிவந்து தொடங்கிய புள்ளியிலேயே முடிப்பர். கணக்கு அங்கே பொருந்தாவிடின், பிழை எங்கோ ஒளிந்திருக்கிறது.

1556இல் வெளியான அகிரிக்கோலாவின் சுரங்க நூலிலேயே இவ்வளவைக்கு இடமுண்டு. கருவிகள் மாறின, கடமை மாறவில்லை. சுரங்கத்தை மூடும் நாளில் இறுதிப் படத்தை முழுமையாக வரைந்து பேணிவைத்தல், இன்னும் பிறவாத தொழிலாளியின் உயிருக்கு இடும் வேலியாகும்.