நாடு பட்ட கடன் யார் தலையில்?

“வாங்கின கடனைக் கட்டத்தானே வேண்டும்?” வறிய நாடுகளின் கடனை இரத்துச் செய்ய வேண்டும் என்று பேசும்போது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். இது நியாயமான கேள்வி. போகம் பிழைத்த வேளையிலும் நகையை அடகு வைத்துக் கடனைத் திருப்பிக் கொடுத்த மக்கள் நாம். ஆகவே, கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்பது எவ்வாறு நீதியாகும் என்பதை ஆற அமரச் சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு கமக்காரர் கடன் எடுக்கும்போது கையொப்பமிடுபவரும் அவரே, அந்தக் காசைச் செலவிடுபவரும் அவரே. நாட்டின் கடன் அப்படிப்பட்டதல்ல. மக்களின் பெயரால் ஓர் அமைச்சர் கையொப்பமிடுகிறார். காசு எங்கே போனது என்பது பல வேளைகளில் மக்களுக்குத் தெரிவதில்லை. அமைச்சர் பதவியை விட்டுப் போன பின்பும் கடன் நிற்கும். அதைக் கட்டுபவர்கள் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் சாதாரண மக்கள். கையொப்பமிட்ட அன்று பிறந்தேயிராத பிள்ளைகள்.

கடன் வளர்ந்த விதம்

ஆபிரிக்காவில் உள்ள சாம்பியா நாட்டை எடுத்துக்கொள்வோம். 1964இல் சுதந்திரம் பெற்ற அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு செம்பிலிருந்து வந்தது. 1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. எண்ணெய் நாடுகள் தமது பெருந்தொகைப் பணத்தை மேற்கு நாட்டு வங்கிகளில் வைத்தன. அந்த வங்கிகள் அதைக் குறைந்த வட்டிக்கு வறிய நாடுகளுக்குத் தாராளமாகக் கொடுத்தன. ஆனால் அந்த வட்டி ஒரே அளவில் நிற்கும் வட்டியல்ல. சந்தையோடு ஏறி இறங்கும் வட்டி.

1970களின் நடுப்பகுதியில் செம்பின் விலை விழுந்தது. 1979இன் பின் அமெரிக்கா தன் வட்டி வீதத்தைக் கடுமையாக உயர்த்தியது. 1981 அளவில் அது 20 வீதத்தை எட்டியது. விளைபொருளின் விலை இறங்க, வட்டி ஏறியது. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவன் நிலை எப்படி இருக்கும் என்று கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பழைய கடனைக் கட்டப் புதுக்கடன் எடுக்க வேண்டி வந்தது. புதுக்கடன் கொடுத்த சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் அரசின் செலவைக் குறைக்கும்படி நிபந்தனை விதித்தன. 1990களின் தொடக்கத்தில் சாம்பியாவின் ஆஸ்பத்திரிகளில் நோயாளரிடம் கட்டணம் அறவிடப்பட்டது. செம்பு விலையையும் அமெரிக்க வட்டியையும் அறியாத ஒரு கிராமத்துத் தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக அந்தக் கடனின் ஒரு பங்கைக் கட்டினாள்.

மக்கள் எழுப்பிய குரல்

கடனுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது புதிய எண்ணமல்ல. ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாட வேண்டும், அந்த ஆண்டில் அவரவர் இழந்த காணிக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கூறுகிறது. வறுமையினால் காணியை விட்டுப்போன குடும்பம் என்றென்றைக்கும் வேரற்றுப் போகக்கூடாது என்பதே அதன் கருத்து. காணியை விட்டு வந்து வாழும் நம்மவர் நெஞ்சில் இது ஆழமாகப் பதியும்.

இந்த எண்ணத்தை வைத்தே பிரித்தானியாவில் மார்ட்டின் டென்ட் என்ற பல்கலைக்கழக ஆசிரியரும், பில் பீற்றர்ஸ் என்ற ஓய்வுபெற்ற தூதுவரும் ‘யூபிலி 2000’ இயக்கத்தைத் தொடக்கினார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1994இல் இதே வேண்டுகோளை விடுத்தார். 1998 மே 16ஆம் திகதி பணக்கார நாடுகளின் தலைவர்கள் பேர்மிங்காம் நகரில் கூடியபோது ஏறத்தாழ 70,000 மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். உலகெங்கும் 2 கோடிக்கு மேற்பட்டோர் மனுவில் கையொப்பமிட்டார்கள்.

கிடைத்த பலன்

1996இல் தொடங்கிய கடன் குறைப்புத் திட்டம் 1999இல் விரிவாக்கப்பட்டது. 2005இல் மேலும் பெருந்தொகை இரத்தானது. இதுவரை 37 நாடுகள் இந்த வழியில் விடுதலை பெற்றுள்ளன. மொத்தத் தொகை சுமார் 10,000 கோடி டொலர். சாம்பியாவின் வெளிநாட்டுக் கடன் சுமார் 700 கோடி டொலரிலிருந்து 100 கோடிக்கும் கீழே இறங்கியது. 2006 ஏப்ரலில் அந்நாட்டுக் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் கட்டணம் நீக்கப்பட்டது.

உழவு இயந்திரக் கடனின் கதை

ஆயினும் எல்லாக் கடன்காரரும் இணங்கவில்லை. 1979இல் சாம்பியா உழவு இயந்திரங்கள் வாங்குவதற்காக ருமேனியா கடன் கொடுத்தது. அது வட்டியோடு ஏறத்தாழ 3 கோடி டொலராக வளர்ந்தது. 1999இல் சிறு தொகையோடு அதைத் தீர்த்துக்கொள்ள இரு நாடுகளும் பேசிக்கொண்டிருந்த வேளையில், டொனிகோல் இன்டர்நஷனல் என்ற தனியார் நிறுவனம் அந்தக் கடன் பத்திரத்தைச் சுமார் 33 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பின்னர் 5 கோடிக்கு மேல் கேட்டு இலண்டனில் வழக்குத் தொடுத்தது. 2007இல் நீதிமன்றம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டொலர் கொடுக்கத் தீர்ப்பளித்தது. இதைக் கண்டு மக்கள் கொதித்தெழுந்ததன் பயனாக, இத்தகைய வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2010இல் பிரித்தானியாவில் நிறைவேறியது.

சாம்பியா 2012இலிருந்து மீண்டும் சந்தையில் கடன் எடுத்தது. 2020 நவம்பரில் கட்ட முடியாமல் நின்றது. ஆகவே கடனை ஒருமுறை இரத்துச் செய்தால் மட்டும் போதாது. யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள், என்ன வட்டி என்பதை மக்கள் அறியும் ஒழுங்கும் வேண்டும். தலைநகர் லுசாக்காவில் இயேசு சபையினர் நடத்தும் நிலையம் ஒன்று, ஒரு குடும்பம் மாதமொன்று வாழ எவ்வளவு வேண்டும் என்று கடைவிலைகளைக் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறது. நாட்டின் பெருங்கணக்கைக் குசினிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு அது உதவுகிறது.

நமக்கு என்ன?

இலங்கை அந்த 37 நாடுகளுள் ஒன்றல்ல. ஆனால் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நம் நாடும் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2023இல் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி மீது விழுந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. கடன் பத்திரத்தைக் கண்ணால் காணாதவர்களும் கடையில் அதற்குப் பங்கு கொடுக்கிறார்கள்.

கடனைக் கட்டுவது நேர்மைதான். ஆனால் கொடுத்தவனுக்கும் பொறுப்பு உண்டு. திருப்பித் தர முடியாதவனுக்குத் தெரிந்துகொண்டே கொடுத்தவன் நட்டத்தில் பங்கெடுக்க வேண்டும். பிள்ளையின் மருந்தைப் பறித்துத்தான் கட்ட வேண்டுமென்றால், அந்தக் கடனை நீக்கும்படி கேட்பது பிச்சையல்ல, நீதி. அடுத்த முறை நம் கிராமச் சங்கக் கூட்டத்தில், நம் பெயரால் எடுக்கப்பட்ட கடனில் நமது வாய்க்காலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன வந்தது என்று கேட்போம். பேர்மிங்காமில் கைகோத்தவர்களும் இத்தகைய கேள்வியோடுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள்.