வெயிலில் 100 மைல்: மலைப்பாதை ஓட்டமும் உடலின் வெப்பமும்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், ஒலிம்பிக் வேலியிலிருந்து ஆபர்ன் நகர்வரை நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயம், 100 மைல் மலைப்பாதை ஓட்டங்களில் உலகிலேயே பழமையானது. தொலைவு ஏறத்தாழ 161 கி.மீ.; நான்கு மராத்தானுக்குச் சற்றே குறைவு. ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் சுமார் 5,500 மீட்டர்; இறக்கங்கள் அதைவிட அதிகம், 7,000 மீட்டர். ஜூன் மாத இறுதியில், காலை 5 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தை 30 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

பாதை முதலில் குதிரைகளுடையது. ஒரே நாளில் 100 மைல் செல்லும் குதிரைப் பந்தயம் 1955 முதல் இங்கே நடந்துவருகிறது. 1973இல் குதிரை நொண்டியதால் பாதியிலேயே நின்றுபோன கார்டி ஐன்ஸ்லி, அடுத்த ஆண்டு குதிரையே இல்லாமல் வந்தார். சவாரிக்காரர்களோடு சேர்ந்து ஓடி 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்னை அடைந்தார். கோடை வெயிலில் மனிதர் குதிரைக்கு ஈடுகொடுத்தது தற்செயல் அல்ல. உடல் முழுக்க வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் பாலூட்டிகள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் இரண்டு, மனிதரும் குதிரையும்.

தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இயக்கமாகிறது, மற்றதெல்லாம் வெப்பம். 60 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கிலோகலோரி செலவாகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் அவர் உடலில் 450 கிலோகலோரி வெப்பமாவது உண்டாகும். அது வெளியேற வழியில்லை என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறி, அரை மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரியைக் கொண்டுபோகிறது. ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை.

இந்தப் பாதையின் கடுமை பள்ளத்தாக்குகளில் வெளிப்படும். டெட்வுட், எல் டொராடோ பள்ளத்தாக்குகளில் பிற்பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்கும்போது அதைவிடச் சூடான காற்று உடலைக் குளிர்விக்காது. தன் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கும். சமதளத்தில் ஓடுபவருக்கு அவர் வேகமே காற்றை உண்டாக்கித் தரும். டெவில்ஸ் தம் போன்ற செங்குத்தான ஏற்றத்திலோ வேகம் நடையாகச் சுருங்குகிறது, காற்று நின்றுவிடுகிறது, தசையின் உழைப்பு மட்டும் குறைவதில்லை. கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் வியர்வை விரைவாக ஆவியாவது ஒன்றே ஆறுதல். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இதே 38 டிகிரி பன்மடங்கு கொடியது. 10 முதல் 14 நாள் வெயிலில் பயிற்சி செய்தால் உடல் ஓரளவு பழகும்: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், அதில் கரைந்து போகும் உப்பு குறையும்.

இறக்கம் எளிது என்று தோன்றும். மூச்சைப் பொறுத்தவரை அது உண்மையே. இத்தாலிய உடலியலாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓட ஆகும் ஆற்றல் சமதளத்தில் ஆவதில் ஏறக்குறைய பாதிதான். விலையைத் தொடைத்தசை கொடுக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அது நீண்டுகொண்டே உடலைத் தாங்கி நிறுத்த வேண்டியிருப்பதால் நுண்ணிழைகள் கிழிகின்றன. சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகும். உடலில் நீரும் குறைந்திருந்தால் சிறுநீரகமே செயலிழக்கலாம். முன்கூட்டியே சரிவுகளில் இறங்கிப் பழகிய தசை அடுத்த முறை குறைவாகவே சேதமடைகிறது. மலையோட்டப் பயிற்சியில் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குச் சமமான இடம் தர வேண்டும் என்பது இதனால்தான்.

பள்ளத்தாக்குகளைத் தாண்டி மேலே வந்தால் மிஷிகன் பிளஃப், ஃபாரஸ்ட்ஹில் என்ற சிற்றூர்களில் குடும்பத்தார் காத்திருப்பார்கள். ஃபாரஸ்ட்ஹில் 100ஆவது கிலோமீட்டரை ஒட்டியது. அங்கிருந்து துணைக்கு ஒருவர் கூடவே ஓடலாம். இந்த ஆதரவின் பலன் வெறும் மன ஆறுதல் அல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மிதிவண்டி மிதித்தவர்களுக்குச் சிரித்த முகப் படங்கள் கண்ணுக்குப் பிடிபடாத கணநேரம் காட்டப்பட்டன. சோக முகங்கள் காட்டப்பட்டபோது தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் மிதித்தார்கள். உழைப்பு எவ்வளவு கடினம் என்ற உணர்வு குறைந்தால் உடல் மேலும் உழைக்க இசைகிறது.

ஆனால் உற்சாகம் உடல் வெப்பத்தைக் குறைப்பதில்லை. குடும்பத்தாரின் பெரிய உதவி கைதட்டலைவிடக் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. கழுத்தில் ஐஸ் பொதிந்த துணியைக் கட்டுவது, தலையை நனைப்பது, தொப்பிக்குள் ஐஸ் போடுவது ஆகியவை நேரடியாகச் சூட்டைத் தணிக்கும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடக்கையில் முதலில் தடுமாறுவது மூளை. காரணமில்லாத எரிச்சல், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவர் அவற்றைத் தானே உணரமாட்டார்; அவரை நன்கு அறிந்தவர்தான் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும். தோல் வறண்டால்தான் வெப்பத்தாக்கு என்ற நம்பிக்கை ஓட்டக்காரர்களுக்குப் பொருந்தாது. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும்.

அன்பு மிகுதியால் வரும் தவறுகளும் உண்டு. "குடி, இன்னும் குடி" என்று வற்புறுத்தித் தண்ணீர் கொடுப்பது அவற்றில் மோசமானது. தேவைக்கு மேல் நீர் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி, மரணம்கூட நேரலாம். நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு இந்த ஆபத்து இருப்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985இல் எடுத்துக்காட்டினார். குழப்பம், வாந்தி, தலைவலி என வெளித்தோற்றத்தில் இதுவும் வெப்பத்தாக்கு போலவே இருக்கும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகினால், எடை கூடியிருந்தால், தண்ணீரை நிறுத்த வேண்டும். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பாதுகாப்பு. வலிக்கிறது என்றதும் ஐபுபுரூஃபன் மாத்திரையை நீட்டுவதும் கூடாது. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும்.

ஆபர்னில் பிளேசர் உயர்நிலைப்பள்ளியின் ஓடுதளத்தில் பந்தயம் முடிகிறது. கோட்டைத் தாண்டியவுடன் நின்றுவிடுவதும் ஆபத்தே. இரத்தத்தை மேலே அழுத்திக்கொண்டிருந்த கால்தசைகள் சட்டென ஓய்ந்ததும் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாமல் குழப்பமும் கொதிக்கும் உடலும் தொடர்ந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்த வேண்டும். முதல் 30 நிமிடத்துக்குள் உள்வெப்பத்தை 39 டிகிரி அளவுக்கு இறக்கிவிட்டு, அதன்பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.