உடலை மறந்த சொல்

ஆங்கில நாளிதழில் ‘மேஹெம்’ என்ற சொல்லை நாம் அடிக்கடி காண்கிறோம். ஊர்வலத்தில் கல்வீச்சு நடந்தால் மேஹெம். பெருமழையில் போக்குவரத்து நிலைகுலைந்தால் மேஹெம். கிரிக்கெட்டில் மட்டையாளர் ஒருவர் பந்துகளை நாற்புறமும் விளாசினாலும் மேஹெம்! பள்ளியில் பயிலும் மகனோ மகளோ அதற்குப் பொருள் கேட்டால், ‘அமளி’, ‘கலவரம்’, ‘களேபரம்’ என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆயினும் அச்சொல் பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிந்தால், அதனை அவ்வளவு எளிதாக எடுத்து வழங்க நமக்கு மனம் வாராது.

மன்னனுக்கு உரிய உடல்

மேஹெம் என்பது முதலில் கூட்டத்தின் குழப்பத்தைக் குறித்த சொல் அன்று. தனி மனிதன் ஒருவனுடைய உடலுக்கு நேர்ந்த ஊறு ஒன்றைக் குறித்த சொல். நார்மானியர் 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டு நீதிமன்றங்களில் அவர்கள் கொணர்ந்த பிரெஞ்சு மொழி நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. உறுப்பைச் சிதைக்கும் காயத்திற்கு அம்மொழியில் வழங்கிய சொல், ஆங்கிலத்தில் இரு வடிவங்களில் நிலைத்துவிட்டது. ஊனப்படுத்துதல் என்று பொருள்படும் ‘மெய்ம்’ ஒன்று. சட்டத்தில் அக்குற்றத்தின் பெயராகிய ‘மேஹெம்’ மற்றொன்று. நம் தமிழ் ‘மெய்’யோடு ஒலி ஒத்திருக்கிறதே என்று யாரும் உறவு கொண்டாட வேண்டா, அது தற்செயலான ஒற்றுமையே.

எல்லாக் காயமும் மேஹெம் ஆகிவிடாது. பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் 1765 முதல் 1769 வரை வெளியிட்ட பெருநூலில் இதனைத் தெளிவாக்குகிறார். போரிடுவதற்கோ தன்னைக் காத்துக்கொள்வதற்கோ ஒருவனுக்குள்ள ஆற்றலைக் குறைக்கும் காயமே மேஹெம். கை போனால் மேஹெம்; விரல் போனால் மேஹெம்; கண் போனால் மேஹெம்; முன்பல்லை உடைத்தாலும் மேஹெம்தான். ஆனால் மூக்கையோ காதையோ அறுத்தால் அது மேஹெம் ஆகாது! அவற்றை இழந்தவனுக்கு முகம் விகாரப்படுமே அன்றி வலிமை குன்றாது என்பது வாதம். குடிமகனின் உடல் மன்னனுக்குப் பயன்பட வேண்டிய படைக்கருவி. அது பழுதுபடலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

அக்கருத்து எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு 1613-ஆம் ஆண்டில் லெஸ்டர் வட்டாரத்தில் நடந்த வழக்கு ஒன்று சான்று. எட்வர்ட் கோக் என்னும் புகழ்பெற்ற நீதிபதி அதனை எழுதி வைத்திருக்கிறார். திடகாத்திரமான இளைஞன் ஒருவன், உழைக்காமல் பிச்சை எடுத்துப் பிழைக்க எண்ணி, தோழனைக் கொண்டு தன் இடக்கையை வெட்டச் செய்துகொண்டான். வெட்டியவனோடு வெட்டுண்டவனும் குற்றவாளியாக நின்றான். இருவரும் தண்டம் செலுத்த நேர்ந்தது. தன் கையே ஆயினும் அது அவனுக்கு மட்டும் உரியதாக இல்லை!

மூக்கினால் வந்த சட்டம்

மூக்குக்கும் ஒரு காலம் வந்தது. 1670-ஆம் ஆண்டில் நாடகக் கொட்டகைகளுக்கு வரி விதிப்பது பற்றி இங்கிலாந்துப் பார்லிமெண்டில் விவாதம் எழுந்தது. அப்போது ஜான் கவென்ட்ரி என்ற உறுப்பினர், இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு நடிகைகளிடம் இருந்த ஈடுபாட்டைக் குத்திக் காட்டிப் பேசினார். டிசம்பர் மாதத்து இரவு ஒன்றில், மன்னரின் காவற்படையைச் சேர்ந்தவர்கள் அவரைத் தெருவில் மறித்து மூக்கை அறுத்தனர். பார்லிமெண்டு கொதித்தெழுந்தது. பதுங்கியிருந்து தாக்கி ஒருவருடைய உறுப்பையோ முகத்தையோ சிதைப்போருக்கு மரண தண்டனை என்று 1671-இல் சட்டம் பிறந்தது. முகமும் மனிதனுக்கு வேண்டியதே என்று அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்வதற்கு ஓர் உறுப்பினரின் மூக்கு பலியாக வேண்டியிருந்தது.

உழைப்பவனுக்கு உரிய உடல்

நம் நாட்டில் 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் மேஹெம் என்ற குற்றப் பெயரைக் கைக்கொள்ளவில்லை. அதற்கு மாறாகக் ‘கொடுங்காயம்’ என்று ஒன்றை வகுத்து, இன்னின்னவை அதில் அடங்கும் என்று பட்டியலிட்டது. கண்பார்வை இழத்தல், செவிப்புலன் இழத்தல், உறுப்போ மூட்டோ இழத்தல், முகம் நிலையாக விகாரமடைதல், எலும்போ பல்லோ முறிதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. படைக்குப் பயன்படுவானா என்ற கேள்வி அங்கே இல்லை.

அப்பட்டியலின் இறுதி வகையே நம் கருத்தை மிகவும் கவர்வது. காயம் பட்டவர் 20 நாள் கடும் வேதனையில் கிடந்தாலும், தம் அன்றாட அலுவலைப் பார்க்க இயலாது போனாலும் அது கொடுங்காயமே என்றது அச்சட்டம். 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்திற்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அந்த 20 நாளை 15 நாளாகக் குறைத்துள்ளது. மன்னனின் போர்க்களத்தைக் கொண்டு அளந்த உடலை, அவனவன் பிழைப்பைக் கொண்டு அளக்கத் தொடங்கியது சிறிய மாறுதலா? நாட்கூலி பெறும் தொழிலாளிக்கும், கைத்திறனை மட்டும் மூலதனமாகக் கொண்டு வெளியூர் வந்து குடியேறியவருக்கும் அதன் அருமை நன்கு விளங்கும்.

பொருள் மாறிய விதம்

சட்டம் இவ்வாறு மனிதனை நெருங்கி வர, சொல்லோ அவனை விட்டு விலகிச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஹெம் பொதுவாக எந்த வன்செயலையும் குறிக்கலாயிற்று. பின்னர் வெறும் குழப்பத்திற்கும் பெயராயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தண்டனைச் சட்டத்தில் அது இன்றும் உறுப்பைச் சிதைக்கும் குற்றத்தின் பெயராகவே இருந்து வருகிறது.

ஆங்கிலத்தை மட்டும் குறை கூறுவானேன்? நாம் விடையாகச் சொல்லும் ‘களேபர’மும் அதே வழியில் வந்ததுதான். வடமொழியில் அதற்கு உடல் என்பது பொருள். ஒடிசாவில் வாழும் நம்மவர்கள் இதனை நன்கு அறிவார்கள். பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் பழைய மரத் திருமேனிகளுக்கு மாற்றாகப் புதியவற்றை அமைக்கும் விழாவுக்கு ‘நவகளேபரம்’, அதாவது புதிய உடல், என்றே பெயர். அது 2015-இல் நடந்தது. தமிழிலோ களேபரம் என்றால் இன்று கூச்சலும் குழப்பமுமே நினைவுக்கு வருகின்றன. இரு மொழிகளிலும் உடலைச் சுட்டிய சொல் சந்தடியைச் சுட்டுவதாகிவிட்டது.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. அதனைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் செய்தியைப் படிக்கும் முறை நம் கையில் இருக்கிறது. ‘நகரில் மேஹெம்’ என்ற தலைப்பைக் கண்டால் அதோடு நில்லாமல், காயம் பட்டவர் எத்தனை பேர், அவர்கள் யார், மீண்டும் வேலைக்குச் செல்ல எத்தனை நாளாகும் என்று தேடிப் படிப்போம். கலகக்காரனும் அல்லாமல் காவலனும் அல்லாமல், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அகப்பட்டுக்கொண்டவனும் அவர்களுள் இருக்கக்கூடும். பொருள் கேட்கும் பிள்ளைகளுக்கு அமளி, கலவரம் என்பவற்றோடு, அது முதலில் ஒரு மனிதனின் கையையும் கண்ணையும் பற்றிய சொல் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.