"பஞ்சாயத்துல பணம் இல்லை" என்றால் என்ன கேட்பது?



தெருவிளக்கு எரியலை, சாக்கடை தேங்கி நிக்குது, குழாயில தண்ணி வரலை. கூட்டத்துக்குக் கூட்டம் நாம் பேசுவது இதைத்தான். போய்க் கேட்டால், "பணம் இல்லம்மா" என்ற ஒரே பதிலோடு திரும்பி வருகிறோம். எந்தப் பணம் இல்லை என்று கேட்கத் தெரிந்தால்தான் பேச்சு மேலே நகரும்.

ஊராட்சியின் கடமை

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு இதைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலை, சிறுபாலம், தெருவிளக்கு, வடிகால், குடிநீர், சுடுகாடு, இடுகாடு எல்லாம் ஊராட்சியின் கடமை. யாரும் நமக்குச் செய்யும் தயவு அல்ல.

பணம் வரும் வழிகள்

1. சொந்த வருமானம்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை ஏலம். நாம் வரி கட்டாவிட்டால் இது குறையும்.

2. மாநில நிதிக்குழு மானியம்: மாநில அரசு தன் வரி வருவாயில் ஒதுக்கும் பங்கு.

3. மத்திய நிதிக்குழு மானியம்: 15-வது நிதிக்குழு (2021-22 முதல் 2025-26 வரை) 100 ரூபாயில் 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது. மீதி 40 ரூபாய் ஊரின் மற்றத் தேவைகளுக்கு. அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது.

கறவை மாட்டுக்கு வாங்கிய கடனைக் கல்யாணச் செலவுக்கு எடுக்கலாமா? அதே கணக்குதான். ரோட்டுக்குப் பணம் இல்லாத நேரத்திலும் குடிநீருக்கான பணம் இருக்கலாம். அதனால் இனங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

யாரிடம் போவது?

ஊருக்குள் உள்ள தெரு ஊராட்சியைச் சேர்ந்தது. ஒன்றியச் சாலை என்றால் வானூர் பி.டி.ஓ. ஆபீஸ். பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையது. 2021-ல் நகராட்சியான கோட்டக்குப்பத்தில் கிராம சபை கிடையாது. அங்குள்ள சகோதரிகள் வார்டு கவுன்சிலரையும் நகராட்சி அலுவலகத்தையும்தான் அணுக வேண்டும்.

கிராம சபையில்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். அதற்கு முன்பு குழுவில் செய்ய வேண்டியவை:

* ஒரே ஒரு கோரிக்கையை முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள்.
* சபையில் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள்.
* தீர்மானம் எழுதி முடித்த பிறகே கையெழுத்து போடுங்க. வெறும் பக்கத்தில் போடவே கூடாது.

தீர்மானம் போட்ட மறுநாளே வேலை நடக்காது. மதிப்பீடு தயாரிக்கணும், நிர்வாக அனுமதி கிடைக்கணும். ஆகவே அடுத்த கூட்டத்தில், "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கட்டும். தவணை பாக்கியை விடாமல் வசூலிக்கிற நமக்கு, இதைக் கேட்பது புதிதா என்ன?