தாளிலிருந்து தாமிரத்திற்கு

பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைக் கண்டிருப்பார்கள். அச்சிக்கலை நீக்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர் வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர். 1936-ஆம் ஆண்டு வாக்கில், லண்டனில், கம்பிகளுக்குப் பதிலாகத் தாமிரக் கோடுகள் அமைந்த பலகையைக் கொண்டு அவர் ஒரு வானொலிப் பெட்டியை இயக்கிக் காட்டினார். அதன் வழி வந்ததே இன்றைய மின்சுற்றுப் பலகை.

அத்தகைய பலகையை வீட்டிலேயே செய்துகொள்ள இயலுமா? இயலும். தாமிரத் தகடு ஒட்டிய வெற்றுப் பலகை மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும், தில்லி லஜ்பத் ராய் சந்தையிலும் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பழகிய நம் இளைஞர்களுக்கு அக்கடைகள் அந்நியமாகத் தோன்றா.

செய்யவேண்டியது இதுதான்: நமக்கு வேண்டிய கோடுகளை மறைத்துக் காத்து, எஞ்சிய தாமிரத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரைத்துவிட வேண்டும். கோடுகளைக் காக்கும் கவசமே டோனர். லேசர் அச்சுப்பொறியில் உள்ள இந்தக் கரிய பொடி, பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. சூட்டில் இளகி ஒட்டும், ஆறினால் இறுகும், கரைசல் அதை ஊடுருவாது. மை தெளிக்கும் அச்சுப்பொறி இதற்கு உதவாது.

படத்தை வழுவழுப்பான பத்திரிகைத் தாளில் அச்சிட்டு, தூய்மையாகத் தேய்த்த தாமிரத்தின்மீது கவிழ்த்துச் சூடேற்ற வேண்டும். கவிழ்க்கும்போது இடவலம் மாறுமாதலால், படத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வது நலம். தாளில் அது தலைமாறித் தெரிந்தால்தான் தாமிரத்தில் நேராக அமையும்.

பலர் இதற்கு இஸ்திரிப் பெட்டியையே பயன்படுத்துகின்றனர். ஆனால் கையின் அழுத்தம் எங்கும் ஒரே அளவாக இராது. ஓரிடத்தில் டோனர் நசுங்கிப் பரவும். மற்றோரிடத்தில் ஒட்டாமலே போகும். தாள் சற்று நகர்ந்தாலோ கோடுகள் கலைந்துவிடும். மயிரிழை அளவு கோடு அறுந்தாலும் அவ்வழியே மின்சாரம் செல்லாதன்றோ?

இக்குறையைத் தீர்ப்பது, அடையாள அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறையிடும் லேமினேட்டர். அதன் சூடேறிய இரு உருளைகள் பலகையைச் சீரான வேகத்தில், சீரான அழுத்தத்துடன் உள்ளிழுக்கின்றன. எனினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. லேசர் அச்சுப்பொறி டோனரை ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பதிக்கிறது. சாதாரண லேமினேட்டரோ பெரும்பாலும் 110 முதல் 140 பாகையில் இயங்குகிறது. போதாக்குறைக்குத் தாமிரம் சூட்டை விரைந்து பரப்பிவிடும். ஆகவே ஒருமுறை செலுத்தினால் போதாது. எட்டுப் பத்து முறை, திசை மாற்றிச் செலுத்த வேண்டும். 1.6 மில்லிமீட்டர் பலகை சில பொறிகளில் சிக்கிக்கொள்ளும், 0.8 மில்லிமீட்டர் பலகை எளிதில் நுழையும். வெப்பத்தைக் கூட்டும் பொருட்டுப் பொறியைப் பிரித்து மாற்றியமைக்க முற்படுவது, மின்னதிர்ச்சிக்கும் தீக்கும் வழிகோலும்.

பலகை ஆறியபின் நீரில் ஊறவைத்துத் தாளை மெல்லத் தேய்த்து அகற்றுக. பின்பு ஒவ்வொரு கோட்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. சிறு இடைவெளியை அழியாமைப் பேனாவால் நிரப்பலாம். பிழை மிகுதியாயின், அசிட்டோனால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். நட்டம் ஒரு தாள் மட்டுமே. கரைசலில் இட்டபின் அந்த வாய்ப்பு இல்லை.

கரைசலைப் பிளாஸ்டிக் தட்டிலேயே வைத்திடுக. கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதவை. பயன்படுத்திய கரைசலில் கரைந்த தாமிரம் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். அதைச் சாக்கடையில் கொட்டாது, மூடிய பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, இரசாயனக் கழிவுகளை ஏற்போரிடம் ஒப்படைப்பதே முறை. நம் பலகை செம்மையாக அமைவதோடு, நாம் வாழும் ஊரின் நீரும் தூயதாய் இருத்தல் வேண்டுமல்லவா?